ஆறு பயணம், ஒன்பது மீன்: பாஸ் இரையில் வால்ஐ பிடித்த கணக்கு

அக்டோபர் நடுவில் ஒரு சனிக்கிழமை, வெயில் சாய்ந்துகொண்டிருந்த வேளையில், அன்றைய நான்காவது வால்ஐயை வலையில் அள்ளிப் படகுக்குள் வைத்தேன். அதன் வாயோரத்தில் மாட்டியிருந்தது, பாஸ் என்ற நன்னீர் மீனுக்கென்று நான்கு வருடங்களுக்கு முன் நான் வாங்கிய பதினொரு சென்டிமீட்டர் ஜெர்க்பெயிட், அதாவது வெட்டி வெட்டி இழுக்கும் மீன்வடிவச் செயற்கை இரை. அதன் முன்பக்கத் தூண்டில் முள்ளின் தண்டில் நான் சுற்றியிருந்த பற்றாசுக் கம்பி (உருக்கி ஒட்டும் சால்டர் கம்பி) அந்த மங்கல் வெளிச்சத்திலும் மினுங்கியது. ஜூன் கடைசியில் தொடங்கிய வேலை ஒருவழியாகச் சரிவந்தது அன்றைக்குத்தான். சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் பெயர். வால்ஐ (walleye) என்று பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. சேர்த்தால் மீனின் வாலை மட்டும் பிடித்த கதையாகிவிடும். கனடாவின் ஒன்டாரியோவில் பழைய ஆட்கள் இதைப் பிக்கரல் என்பார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டுவிட்டு, "வாளையையா இவ்வளவு பாடுபட்டுப் பிடிக்கிறாய்? இங்கே கருவாடாகவே கிடைக்குமே" என்றார். அந்த வாளை வேறு, இது வேறு. இது நன்னீர் மீன். பொன்னும் பச்சையும் கலந்த உடல், கூர்ப்பற்கள், கண்ணாடிக் கோலிபோல வெளிறிய கண். பூனைக்கு இருப்பதுபோல அந்தக் கண்ணின் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. அதனால் மங்கிய வெளிச்சத்தில் அதற்கு நன்றாகத் தெரியும், நடுப்பகல் வெயில் ஆகாது. இந்த ஒரு விஷயத்தை நான் மதித்திருந்தால் முதல் இரண்டு பயணங்கள் மிச்சமாகியிருக்கும்.

பாஸ் பிடிக்கும் பழக்கம் எனக்குப் பல வருடங்களாக உண்டு. ஸ்கார்பரோவில் என் அலமாரியில் மூன்று பெட்டி நிறையப் பாஸ் இரைகள் கிடக்கின்றன. ஆனால் பிடித்த பாஸை வீட்டுக்குக் கொண்டுபோனால் வரவேற்பு இல்லை. சேற்று வாடை என்பாள் மனைவி. வால்ஐ என்றால் முகம் மலரும். வெள்ளைச் சதை, வாடை கிடையாது, முள்ளும் குறைவு. மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவிப் பொரித்தால் பிள்ளைகள்கூடத் தகராறு செய்யாமல் சாப்பிடுகிறார்கள். வால்ஐக்கென்று தனியாகத் தடியும் இரையும் வாங்க மனமில்லை, பணமும் இல்லை. இருக்கிற பாஸ் பெட்டியை வைத்தே பிடிப்பது என்று முடிவு செய்தேன். கூட்டாளி மனைவியின் தம்பி. படகோட்டுவதும் என்னைக் கேலி செய்வதும் அவன் பொறுப்பு.

இடம் ரைஸ் லேக். 401 நெடுஞ்சாலையில் கிழக்கே ஓடி, கோபோர்க் அருகே வடக்கே திரும்பினால் ஹார்வுட் என்ற சிற்றூர் வரும். அதன் கரைதான் ஏரி. முன்னாளில் இங்கே விளைந்த காட்டரிசியால் வந்த பெயர். ஆழம் குறைந்த ஏரி. கோடையில் நீர்ச்செடி மண்டிவிடும். எங்கள் ஊரில் கடலில் கிடக்கும் சாதாளையைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. ஹார்வுட்டிலிருந்து அக்கரைக்கு 1854இல் ரயில் பாதை போட்டார்கள், ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். ஒவ்வொரு குளிர்காலத்திலும் பனிக்கட்டி அதை நெம்பித் தள்ளியதில் பத்து வருடம்கூட அது தாங்கவில்லை. அதன் கற்குவியல் இன்னும் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. மோட்டாருக்கு எமன், மீனுக்கு வீடு.

படகு வாடகைக்கு எடுத்தோம்: பதினான்கு அடி அலுமினியம், 9.9 குதிரைத்திறன் மோட்டார், நாளுக்கு 110 டாலர். மீன் காட்டும் கருவி கிடையாது. அதற்குப் பதிலாக நைலான் கயிற்றில் அடிக்கொரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஒரு பழைய இரும்புப் பூட்டைக் கட்டினேன். இறக்கி முடிச்சை எண்ணினால் ஆழம்; பூட்டு கொண்டுவரும் செடியைப் பார்த்தால் அடியில் என்ன முளைத்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். மூன்று டாலர் செலவு. இந்த முழு முயற்சியிலும் என்னை ஒருமுறைகூட ஏமாற்றாத ஒரே கருவி அந்தப் பூட்டுக்கயிறுதான்.

முதல் பயணம், ஜூன் கடைசி. காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை, வழக்கமாகப் பாஸுக்குச் செய்வதையே செய்தேன். செடிக்கு மேலே ஸ்பின்னர்பெயிட் என்ற சுழல்தகட்டு இரையை வேகமாக இழுத்தேன், கரையோர மரநிழலில் ரப்பர் புழுவை எறிந்தேன். ஏழு பாஸ் வந்தன. வால்ஐ ஒன்றும் இல்லை. இதைப்பற்றி எழுத வேறெதுவும் இல்லை.

இரண்டாம் பயணம், ஜூலை நடு. "அத்தான், பேசாமல் புழுவைப் போடுங்கள்" என்று மைத்துனன் சொன்னதைக் கேட்டு, ஏரிக்கரைக் கடையில் மண்புழு வாங்கினேன். இரண்டு முள்ளும் சுழலும் தகடும் கோத்த கட்டு ஒன்றையும் வாங்கி, படகை மெல்ல ஓட்டிப் பின்னால் இழுத்தோம். வால்ஐக்கு ஊரறிந்த முறை அது. திறந்த தண்ணீரில் சரி. ரைஸ் லேக்கின் செடிக்குள் பத்து மீட்டருக்கொரு முறை முள்ளில் ஒரு கட்டுக் கீரை வந்தது. கீரை இல்லாத நேரத்தில் உள்ளங்கை அகல மீன்கள் புழுவை அரித்துத் தின்றன. ஐந்து மணிக்குப் புழு தீர்ந்தது.

எட்டரை மணிக்குமேல், கிளம்புவதற்கு முன் கை அரிப்புக்காக ஒரு கிலுகிலுப்பையை எறிந்தேன். கிலுகிலுப்பை என்று நான் சொல்வது, தாடையில் தகடு இல்லாத, வயிற்றுக்குள் சிறு குண்டுகள் உருண்டு சத்தம் போடும் தட்டையான பாஸ் இரை. அரை அவுன்ஸ். தானாக மிதக்காது, விட்டால் மூழ்கும். அது ஒன்பதடி ஆழத்தில் செடியில் மாட்டிக்கொண்டது. எரிச்சலில் தடியை வெடுக்கென்று இழுத்தேன். செடியைக் கிழித்துக்கொண்டு விடுபட்டது. தங்கூசி (தூண்டில் நூல்) தளர்ந்து, இரை சரிந்து கீழே விழுந்துகொண்டிருந்த அந்த இரண்டு விநாடிக்குள் ஒரு கனம் வந்து தொங்கியது. பாஸைப்போல அடிக்கவில்லை, ஈரச்சாக்கு மாட்டியதுபோல இருந்தது. மறுபடி செடிதான் என்று நினைத்துச் சுற்றிக்கொண்டுவந்தேன். செடி தலையை உதறியது. 43 சென்டிமீட்டர் வால்ஐ.

அன்றிரவு வீடு திரும்பும்போது முழு வழியும் அந்த விழும் விநாடியைப் பற்றித்தான் பேசினோம். பாஸுக்கு நான் அந்த இரையைச் சீராகச் சுற்றுவேன். இந்த மீன் சுற்றும்போது தொடவில்லை, விழும்போது எடுத்தது. இரை பாஸுடையதாகவே இருக்கட்டும், அதை நடத்தும் விதம்தான் மாற வேண்டும் என்று அப்போதுதான் மண்டைக்குள் ஏறியது.

மூன்றாம் பயணம், ஆகஸ்ட். பகலில் தூங்கிவிட்டு, மாலை ஆறு மணிக்குத்தான் படகில் ஏறினோம். பூட்டுக்கயிற்றால் அளந்து, செடி முடிந்து வெறுந்தரை தொடங்கும் விளிம்பைத் தேடினோம். ஒன்பதரை அடியில் கிடைத்தது. அங்கே முளைத்திருந்தது அகல இலைச் செடி. இங்கத்தைய மீன்பிடிகாரர்கள் அதைக் கோஸ் என்கிறார்கள், முட்டைக்கோஸ்தான். இழைபோன்ற நொய்ந்த செடியைவிட இந்தக் கோஸ் நல்லது. இலை மொறுமொறுவென்று இருப்பதால் வெடுக்கென்று இழுத்தால் ஒடிந்து முள்ளை விட்டுவிடும். இழைச்செடி முள்ளைச் சுற்றிக்கொண்டு கூடவே வரும். எறிந்து, தரை தொடவிட்டு, தடி நுனியை இரண்டடி மேலே வெட்டி, அப்படியே விழவிட்டேன். இருட்டுவதற்குள் ஆறு கடி. கைக்கு வந்தவை இரண்டே இரண்டு. ஒன்று 38, மற்றது 31. சின்னதைத் திருப்பி விட்டோம். அந்த ஏரியில் 35 முதல் 50 சென்டிமீட்டர் வரையுள்ள வால்ஐயைத்தான் வைத்துக்கொள்ளலாம்.

நான்கு மீன் ஏன் போயிற்று என்று ஒரு வாரம் குழம்பினேன். தப்பு முள்ளில்தான் என்று முடிவுகட்டியதுதான் இந்த முயற்சியின் பெரிய வழுக்கல். இரண்டு மூமுனை முள்ளையும் கழற்றிவிட்டு, பெரிய ஒற்றை முள் இரண்டு மாட்டினேன், எட்டு டாலர். செடியும் குறைவாக மாட்டும், பிடியும் ஆழமாக இருக்கும் என்பது என் கணக்கு. செப்டம்பர் தொடக்கத்தில் நான்காம் பயணத்தில் செடி உண்மையாகவே குறைவாக மாட்டியது. மீனும் அப்படியே. தட்டுகள் ஏழெட்டு உணர்ந்தேன். படகுக்கு வந்தது 40 சென்டிமீட்டரில் ஒன்று. விழும் இரையை வால்ஐ பக்கவாட்டில் வந்து கவ்விவிட்டு உடனே உமிழ்கிறது. அந்த ஒரு நொடியில் எந்தப் பக்கம் கவ்வினாலும் ஒரு முனையாவது உரச வேண்டும். அதற்கு மூமுனைதான் சரி.

உண்மையான குற்றவாளி என் கையிலேயே இருந்தது: தடி. பாஸுக்கு நான் வைத்திருப்பது ஏழடி முரட்டுத் தடி, முப்பது பவுண்டு தாங்கும் பின்னல் நூல். தடியும் வளையாது, நூலும் நீளாது. பாஸின் வாய் அகன்றது, கெட்டியானது. அதற்கு இது பொருந்தும். வால்ஐ தலையை உதறும்போது ஏதாவது ஒன்று விட்டுக்கொடுக்க வேண்டும். தடியும் நூலும் விட்டுக்கொடுக்காவிட்டால் மீனின் வாயோரத் தோல் விட்டுக்கொடுக்கும், முள் கழன்றுவிடும். மைத்துனன் அந்தப் பயணத்தில் ஒரு மீனை நழுவவிட்டபோது தடி நுனியைப் பார்த்தேன். விளக்குமாற்றுக் கட்டைபோல நின்றது.

ஐந்தாம் பயணத்துக்கு மூன்று மாற்றங்கள். அலமாரியின் பின்னால் கிடந்த, ஏழடியில் நடுத்தர வலுவுள்ள, நுனி மட்டும் விரைந்து வளையும் பழைய தடியை எடுத்தேன். அதற்குப் பதினைந்து பவுண்டு பின்னல் நூல். முன்னால் மூன்றடிக்குப் பன்னிரண்டு பவுண்டு ஃபுளோரோகார்பன் தலைநூல். ஒரு சுருள் 18 டாலர், பாதிச் சுருள் இன்னும் இருக்கிறது. நூலைக் கையால் இழுத்தால் முனகிக்கொண்டு வரும் அளவுக்கு ரீலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். கிலுகிலுப்பைக்குப் பழைய 4ஆம் எண் முள்ளை மாட்டாமல், சிறிய 6ஆம் எண் மூமுனை முள் பூட்டினேன். அது பெட்டியிலேயே இருந்தது. செடியை வெட்டி இழுக்க முரட்டுத் தடி வேண்டும், மீனைத் தாங்க மெத்தென்ற தடி வேண்டும். இரண்டும் ஒரே தடியில் கிடைக்காது. நான் மீனின் பக்கம் சாய்ந்தேன். செடியில் மாட்டினால் ஒரு வெட்டுக்குப் பதிலாக இரண்டு வெட்டு, அவ்வளவுதான்.

கூடவே வால் ஆட்டும் ரப்பர் மீன்களும் கொண்டுபோனேன். நான்கு அங்குலம், ஒரு பொட்டலம் 9 டாலர். கால் அவுன்ஸ் உருண்டைத்தலை முள்கள் 7 டாலர். பாஸுக்கு இதையும் வேகமாக இழுத்துப் பழக்கம். இம்முறை தரையை உரசியும் உரசாமலும் வரும்படி, ரீலின் கைப்பிடியை விநாடிக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாகச் சுற்றினேன். அதற்கு எனக்குப் பொறுமை இல்லை, மைத்துனனிடம் கொடுத்துவிட்டேன். அவன் மூன்று பிடித்தான், நான் கிலுகிலுப்பையில் இரண்டு. செப்டம்பர் கடைசி, ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள், பழைய ரயில் பாதைக் கற்குவியலின் கிழக்கு ஓரத்தில். ஒன்று 53 சென்டிமீட்டர். நல்ல பெண் மீனாக இருக்க வேண்டும், அளவுகோலில் வைத்துவிட்டு மறுபேச்சில்லாமல் தண்ணீரில் விட்டோம். ஒன்று 33, அதுவும் போயிற்று. மற்ற மூன்றும் பெட்டிக்குள் போயின.

அன்றைக்குத்தான் விரலும் கிழிந்தது. பல்லைப் பற்றி எல்லோரும் எச்சரிக்கிறார்கள், செவுள் மூடியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அதன் விளிம்பு சவர அலகுபோல. பாஸைப் பிடிப்பதுபோலக் கீழ்த்தாடையில் பெருவிரலை விடவும் கூடாது. ரப்பர் பூசிய வலை வேண்டும். என்னுடைய பழைய நூல்வலையில் மூமுனை முள் சிக்கி, அதைப் பிரிக்க இருபது நிமிடம் போனது. வலையில் சிக்கினால் இருட்டில் பிரிக்க முயலாமல் நறுக்கிவிடுவதே மேல்.

இனி அந்த ஜெர்க்பெயிட். தண்ணீர் குளிர்ந்தபின் விழும் இரையைவிட நிற்கும் இரை நல்லது: இரண்டு வெட்டு இழுத்து நிறுத்தினால் அது அந்தரத்தில் அசையாமல் நிற்க வேண்டும். என்னிடமிருந்ததோ நிறுத்தினால் மெல்ல மேலே மிதக்கும் வகை, 14 கிராம். எடை ஏற்ற வேண்டும். ஈயம் கலக்காத, ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பற்றாசுக் கம்பி வீட்டில் இருந்தது. சமையலறைத் தராசில் அளந்ததில் பத்து சென்டிமீட்டர் ஏறத்தாழ 0.6 கிராம். முன்முள்ளின் தண்டில் சுற்றி, குளியல் தொட்டியில் நீர் நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியும் நறுக்கியும் பார்த்தேன். ஐந்து சென்டிமீட்டரில் நடுத்தண்ணீரில் அப்படியே நின்றது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

ஆறாம் பயணம், அக்டோபர் நடு. ஏரியில் அது நிற்கவில்லை. நிறுத்தியவுடன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மேலே வந்தது. முதல் ஒரு மணி நேரம் கடியே இல்லை. நூலைக் குறை சொன்னேன், கொக்கியைக் குறை சொன்னேன். பிறகு கையைத் தண்ணீரில் விட்டபோதுதான் உறைத்தது: தொட்டியில் நான் நிரப்பியது பிள்ளைகளைக் குளிப்பாட்டும் சூட்டுத் தண்ணீர், 35 பாகை செல்சியஸாவது இருந்திருக்கும். ஏரி 11 பாகை. குளிர்ந்த தண்ணீருக்கு அடர்த்தி கூட. அதே இரையை அது இன்னும் வலுவாகத் தூக்கும். 14 கிராம் இரைக்கு அந்த வித்தியாசம் வெறும் 0.08 கிராம்தான், ஆனால் அந்தரத்தில் நிற்கும் பொருளுக்கு அதுவே போதும். கம்பி என் சட்டைப்பையில் இருந்தது புண்ணியம். படகுத்துறைக்குத் திரும்பி, வாளியில் ஏரித் தண்ணீரை மொண்டு, மேலும் ஒன்றரை சென்டிமீட்டர் சுற்றினேன். மொத்தம் ஆறரை. நின்றது. மூக்கு சற்றே கீழே பார்த்தபடி, நான் விரும்பியதுபோலவே நின்றது.

மீண்டும் கற்குவியல் ஓரத்துக்குப் போனபோது ஐந்தரை மணி. இரண்டு வெட்டு, நிறுத்தம். பாஸுக்கு ஒன்று இரண்டு என்று எண்ணிவிட்டு அடுத்த வெட்டு இழுப்பேன். அன்று எட்டுவரை எண்ணினேன். கடி எல்லாம் ஐந்துக்கும் எட்டுக்கும் இடையில் வந்தது. கடி என்றும் சொல்ல முடியாது: அடுத்த வெட்டுக்குத் தடியைத் தூக்கினால் அங்கே ஏற்கெனவே ஒரு கனம் இருந்தது. நான்கு மீன். ஒன்று 56 சென்டிமீட்டர், அதை விட்டோம். மூன்றை வைத்துக்கொண்டோம். ஒரு தடவை தங்கூசி சத்தமே இல்லாமல் துண்டாகி, ஊதாக் கிலுகிலுப்பை ஒன்று போய்விட்டது. வெட்டு அவ்வளவு சுத்தமாக இருந்தால் அது மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனின் பல். இந்த ஏரியில் மஸ்கி உண்டு. அதற்காகக் கம்பித் தலைநூல் கட்டினால் ஜெர்க்பெயிட்டின் நிற்கும் கணக்கு கெட்டுவிடும். 13 டாலரை நேர்த்திக்கடன் என்று எழுதிவிட்டேன். செடியிலும் கல்லிலுமாக முன்பே இரண்டு போயிருந்தன.

செலவு. படகு ஆறு நாள், என் பங்கு 330. முள், நூல், ரப்பர் மீன், தலைமுள் எல்லாம் 42. தொலைந்த இரைகள் 39. மீன்பிடி அட்டையும் ஒரு வருட உரிமமும் 35. காருக்குப் பெட்ரோல் 150. கூட்டினால் 596 டாலர், வீட்டுக்கு வந்த மீன் ஒன்பது. மனைவி கைபேசியில் வகுத்துப் பார்த்துவிட்டு, மீன் ஒன்றுக்கு 66 டாலர் என்று அறிவித்தாள். தலைகளைச் சொதிக்குப் போட்டதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றேன். சேர்த்தாலும் 66தான் என்றாள்.

அடுத்த பருவத்தில் நூல்வலையைத் தூக்கிப்போட்டுவிட்டு ரப்பர் வலை வாங்குவேன். நெற்றி விளக்குக்கு மாற்று மின்கலம் கொண்டுபோவேன். பகலில் ஏரிக்குப் போகவே மாட்டேன். ஜெர்க்பெயிட்டின் பெட்டி மூடியில் "11 பாகை, 6.5 செ.மீ." என்று அழியாத மையால் எழுதியாயிற்று, வெவ்வேறு குளிருக்கு வெவ்வேறு நீளத்தில் கம்பி நறுக்கி, ஒரு பழைய மாத்திரைப் புட்டியில் போட்டுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது. குளியல் தொட்டிச் சோதனையை வேண்டுமானால் பனிக்கட்டி போட்டுச் செய்யலாம், ஆனால் பிள்ளைகள் அதற்குக் கைதட்டுவார்களா தெரியவில்லை.

வால்ஐ பருவம் அங்கே மே இரண்டாம் சனிக்கிழமை திறக்கிறது. படகுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அதை அந்த 596இல் இன்னும் சேர்க்கவில்லை.